பிடியம்மாவின் தங்கை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் மனநல மருத்துவமனையில், பெண்கள் வார்டில் ஆயாவாகச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பெயர் காணாமல் போய், உள்ளே இருந்த பெண்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பிடியம்மா. அங்கே கதவுகளுக்குக் கைப்பிடி கிடையாது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை மட்டும் இருக்கும். பிடி ஆயாவின் இடுப்புக் கயிற்றில் தொங்கும். வளைந்த இரும்பு, ஒரு முனையில் மரக்கட்டை, மறுமுனை சதுரம். ஓட்டையில் விட்டு ஒரு திருகு திருகினால் கதவு திறக்கும். உருவிக்கொண்டால் யார் முட்டி மோதினாலும் அசையாது.

வேலை முடிந்து போகிறவள் பிடியை அடுத்தவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மேசைமேல் வைத்தேன், ஆணியில் மாட்டினேன் என்ற பேச்செல்லாம் எடுபடாது. இந்தப் பழக்கம் பிடியம்மாவுக்கு எப்படி ஊறிப்போனது என்றால், வீட்டில் சாப்பிட்டு எழுந்திருக்கும்போதுகூட இடுப்பை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மகன் கேலி செய்வான். "என்னம்மா, சோத்துப் பானைக்கும் பிடி வெச்சிருக்கியா?"

சொல்லப்போனால் அந்த வார்டில் எதற்குமே பிடி கிடையாது. பிடி இல்லாமல் போன ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை உண்டு. ஒன்றுகூடக் கேட்கிற மாதிரி இருக்காது. வாளிக்கு வளையம் இருந்த காலத்தில் ஒருத்தி அதைக் கழற்றி நர்ஸின் நெற்றியைப் பிளந்துவிட்டாள். அன்றோடு எல்லா வாளியின் வளையமும் போயிற்று. தண்ணீர் தூக்க வேண்டுமென்றால் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டும், சட்டையெல்லாம் நனையும். கோப்பைக்குக் காது கிடையாது, காது உடைந்தால் கத்தி மாதிரி ஆகிவிடும் என்று. ஜன்னல் கொக்கியை அறுத்தது யாருக்காக என்று அங்கே இருக்கிற யாருக்கும் தெரியாது. அந்த ஒருத்தி எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பாள். அவளுக்காக அறுத்த கொக்கி இன்னும் எல்லாரையும் புழுக்கத்தில் வேக வைத்துக்கொண்டிருந்தது. குழாய்த் தலையையும் கழற்றியாகிவிட்டது. தண்ணீரை வெளியே இருந்துதான் திறந்துவிட வேண்டும். நல்ல கூத்து! தாகம் அவர்களுக்கு, குழாய் மற்றவர்கள் கையில்.

ஆயாக்களில் கை ஓங்குகிறவர்கள் உண்டு. காது கூசப் பேசுகிறவர்களும் உண்டு. பிடியம்மா ஒருநாளும் ஒருத்தி மேலும் கை வைத்ததில்லை. அவள் வழி வேறு. கதவு திறக்கிற நேரம் வந்தால் எல்லாரும் ஓரமாகச் சுவரை ஒட்டி நிற்க வேண்டும். கதவைத் தொடக்கூடாது, தட்டக்கூடாது. முக்கியமாகக் கத்தக்கூடாது.

"கத்தினா கடைசியாத்தான் தொறப்பேன். பேசாம இருந்தீங்கன்னா ஓடி வந்து தொறப்பேன். என் வாயால சொன்னா சொன்னதுதான்" என்பாள்.

சொன்னபடியே செய்தாள். கத்துகிற அறையைக் கடைசியில் விட்டுவிட்டு, அமைதியான அறையை முதலில் திறந்தாள். கொஞ்ச நாளில் வார்டே அடங்கிவிட்டது. பெரிய நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "என்ன மந்திரம் போட்டே?" என்று கேட்டபோது பிடியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடி உதை இல்லாமல் காரியம் நடக்கிறது, இதில் என்ன பாவம்? அப்படித்தான் அவள் நினைத்தாள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

அந்த வார்டுக்குள்தான் ஒருநாள் அவளுடைய கூடப்பிறந்த தங்கையைக் கொண்டுவந்து விட்டார்கள்.

தங்கைக்குப் பிறந்த குழந்தை பிறந்த கையோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை. தலையணையைத் துணியில் சுற்றிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தாள். புருஷன்காரன் கொஞ்ச நாள் பார்த்தான். அப்புறம் கொண்டுவந்து விட்டுவிட்டு, "குணமானதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்று பிறகு காற்றுவாக்கில் சேதி வந்தது.

"உன் தங்கச்சியா? நல்லதாப் போச்சு, நீயே பாத்துக்கோ" என்றாள் பெரிய நர்ஸ்.

பார்த்துக்கொண்டாள். எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதில்தான் வினையே. தங்கைக்கு ஒரு கவளம் கூடப் போனால் போதும், மற்ற ஆயாக்களுக்கு மூக்கு வியர்த்துவிடும். "சொந்தக்காரிக்குத் தனி கவனிப்பு" என்று ஜாடை பேசுவார்கள். அந்த வாய்க்குப் பயந்து பிடியம்மா மற்றவர்களிடம் காட்டியதைவிட ஒரு மடங்கு கறாராகத் தங்கையிடம் இருந்தாள். முதல் வாரம் தங்கை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, தொறக்கா... அக்கா, ஒரு நிமிஷம் தொறக்கா..." என்று தொண்டை கிழியக் கத்தினாள். பிடியம்மா இந்தப் பக்கம் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மற்ற எல்லா அறையையும் திறந்துவிட்டு, கடைசியில்தான் தங்கையின் அறையைத் திறந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அப்புறம் தங்கை கத்துவதை விட்டுவிட்டாள். சுவரோரம் போய் நின்றுகொண்டாள். அந்த வார்டில் பிடியம்மாவின் சட்டத்தை அவளைப்போல அச்சுப் பிசகாமல் கற்றுக்கொண்டவள் வேறு யாரும் இல்லை.

வருஷங்கள் போயின. தங்கை தூங்கினாள், சாப்பிட்டாள், மற்றவர்களுக்குத் தலை வாரிவிட்டாள். தலையணையை எப்போதோ கீழே வைத்துவிட்டாள். அவளைக் கூட்டிப்போவதற்கு என்ன தடை என்றால், எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தது. பிடியம்மாவின் புருஷன் உயிரோடு இருந்தவரை, "அவ இந்த வாசப்படி ஏறினா நான் எறங்கிடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு மகனுக்குப் பெண் பார்க்க வேண்டியிருந்தது; வீட்டில் இப்படி ஒரு சித்தி என்றால் யார் பெண் கொடுப்பார்கள்? கல்யாணம் முடிந்ததும், மருமகள் கொஞ்சம் பழகட்டுமே என்று தோன்றியது. இப்படியே தள்ளித் தள்ளித் தங்கையின் தலை நரைத்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தங்கையைப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் பிடியம்மா சும்மா விடமாட்டாள். எதிர்வீட்டுத் தையல்காரர் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டு, தெருவே கூடி வேடிக்கை பார்க்க வாங்கிக்கட்டிக்கொண்டார். "என் தங்கச்சிக்கு மனசு நொந்துபோச்சு. நொந்துபோறதும் பைத்தியமும் ஒண்ணா? இன்னொரு தடவை அந்த வார்த்தை வந்துச்சு, உங்க கத்திரிக்கோலாலயே நாக்கை நறுக்கிடுவேன்."

புதிதாக வந்த டாக்டரம்மாதான் ஒருநாள் பிடியம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள்.

"உங்க தங்கச்சி நல்லாயி எவ்வளவோ நாளாச்சு. இப்ப அவங்ககிட்ட இருக்கிற வியாதி இந்த வார்டுதான். கூட்டிட்டுப் போயிடுங்க."

பிடியம்மாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் மகனிடமும் மருமகளிடமும் சொன்னாள். மகன் வேன் ஓட்டுகிறவன், நல்ல பையன்தான். மருமகள் அப்போது முழுகாமல் இருந்தாள். அவளும் நல்ல பெண்தான். நல்லவர்களுக்கும் பயம் இருக்குமே. இரண்டு பேரும் கலந்து பேசிவிட்டு மகன் சொன்னான்:

"கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணும்மா. பொறக்கப்போற குழந்தையையும் பாத்துக்கிட்டு, சித்தியையும் இவளால பாக்க முடியாது. அவங்க வேலையை அவங்களே செஞ்சுக்கணும். தனியா இருக்கப் பழகணும். குழந்தை பொறக்கறதுக்குள்ள பழகலேன்னா, என்னைத் தப்பா நினைக்காதே, திரும்ப அங்கேதான்."

தங்கை வந்தாள். வந்த அன்றே தெரிந்துவிட்டது.

காதுள்ள கோப்பையில் தேநீர் கொடுத்தார்கள். காதைப் பிடிக்கத் தெரியவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தாள். சூடு பொறுக்காமல் உதட்டைக் கடித்தாள், ஆனால் கீழே வைக்கவில்லை. வைத்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. மருமகள் பதறிப்போய் வாங்கி, காதில் அவள் விரலைக் கோத்துவிட்டாள். வாளியை வளையத்தோடு பார்த்ததும், வளையத்தை மடக்கிவிட்டுக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். இதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாயிற்று. குழாயைத் தானே திறந்து தண்ணீர் பிடித்த அன்று, மூடாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு. பிடியம்மா தண்ணீர் வீணாகிறதே என்று சொல்லவில்லை.

கதவு மட்டும்தான் வரவில்லை.

சாத்திய கதவு என்றால் தங்கைக்கு அது இன்னொருவர் திறக்க வேண்டியது. அது அவள் எலும்பில் ஏறியிருந்தது. ஒருநாள் காலையில் கழிவறைக் கதவு காற்றில் சாத்திக்கொண்டது. தங்கை வெளியே, சுவரோரமாக, அடக்க ஒடுக்கமாக நின்றாள். மருமகள் சமையலில் இருந்தாள், கவனிக்கவில்லை. பார்க்கும்போது தங்கையின் காலடியில் ஈரம். "கூப்பிட்டிருக்கலாமே சின்னத்தை! ஒரு குரல் குடுத்திருக்கலாமே!" என்றாள் மருமகள். தங்கை தலையை ஆட்டினாள். கூப்பிடக்கூடாது என்று அர்த்தம். மருமகளுக்குப் புரியவில்லை. பிடியம்மாவுக்குப் புரிந்தது, துணியை எடுத்துவந்து தரையைத் துடைத்தாள்.

விடுமுறை நாளெல்லாம் அவளை உட்கார வைத்துப் பழக்கினாள். வாசல் கதவில் பித்தளைப் பிடி, கீழே அமுக்கினால் போதும், குழந்தைகூடத் திறக்கும். தங்கையின் கையைப் பிடித்து அதன்மேல் வைப்பாள். கை வைத்தவுடனே தங்கையின் உடம்பு விறைத்துப்போகும்.

"அமுக்குடி. இது நம்ம வீடு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"நீ தொறக்கா."

"நான் இல்லாதப்போ என்னடி பண்ணுவே?"

"நீ வருவே. பேசாம இருந்தா சீக்கிரம் வருவே."

பிடியம்மா எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தாள். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தால் போதும், தங்கை தாராளமாகத் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ போய்வருவாள். சாத்தியிருந்தால்தான் கல்லாக நின்றுவிடுவாள். அதனால் பிடியம்மா பழைய ரப்பர் செருப்பை இரண்டாக வெட்டி, ஒரு துண்டைக் கழிவறைக் கதவிடுக்கிலும் இன்னொன்றை வாசல் கதவிடுக்கிலும் யாரிடமும் சொல்லாமல் செருகி வைத்தாள். தங்கை வாசலுக்கு வந்தாள், படியில் உட்கார்ந்தாள், வெயில் ஏறினால் உள்ளே போனாள். பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? வேண்டும்போது திறந்து வருகிறாள் என்று தோன்றியது.

மருமகளுக்கு மாதம் ஏறிக்கொண்டே போயிற்று. மகன் ஒருநாள் கேட்டே விட்டான்.

"சித்தி எப்படிம்மா? கதவெல்லாம் தானா தொறக்குறாங்களா?"

பிடியம்மாவின் வாய் முந்திக்கொண்டது. "ஓ, தொறக்குறாளே! இப்பல்லாம் என்னைக்கூடக் கூப்பிடறதில்ல. நீதான் வீட்டுல இருக்கறதே இல்லையே, உனக்கெங்க தெரியும்?"

மகன் முகம் தெளிந்தது. "பரவாயில்லையே" என்றான். மருமகளும், "ஆமாங்க, நான்கூடப் பாத்தேன், அவங்களே வாசலுக்குப் போறாங்க" என்றாள். பிடியம்மா குனிந்து தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் போதும், எப்படியாவது பழக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டாள். பொய் சொல்லாவிட்டால் தங்கை மறுபடி அந்தச் சுவரோரம். தன் கையாலேயே பிடியைத் திருகி உள்ளே விட வேண்டும். அதற்கு ஒரு பொய் மேல் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அதற்கடுத்த வாரம் அது நடந்தது.

பிடியம்மா வார்டில் இருந்தாள். மகன் வேனோடு வெளியூர் போயிருந்தான். மருமகள் மாதாந்திரச் சோதனைக்காக டாக்டரிடம் போகக் கிளம்பினாள். தங்கை கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் வந்துடறேன் சின்னத்தை" என்று சொல்லிவிட்டு மருமகள் வாசலுக்கு வந்தாள். கதவிடுக்கில் பழைய செருப்புத் துண்டு ஒன்று அசிங்கமாகக் கிடந்தது. தெருநாய் வேறு படியில் படுத்திருந்தது. உள்ளே நுழைந்து தொலைக்கப்போகிறதே என்று செருப்புத் துண்டைக் காலால் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பூட்டவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது யாராவது பூட்டுவார்களா?

கூடத்தின் மூலையில் சுவர் பிளக்கில் பொறி கிளம்பியிருக்கிறது. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பஞ்சு மெத்தையில் அது பிடித்துக்கொண்டது. பெரிய தீ என்று சொல்ல முடியாது, பாதி மெத்தையும் ஒரு திரைச்சீலையும்தான் எரிந்தது. புகைதான் வீட்டை நிறைத்துவிட்டது. ஜன்னல் வழியாகப் புகை வருவதைப் பார்த்துத் தையல்காரர்தான் ஓடி வந்தார். கதவுப் பிடியை அமுக்கினார், திறந்துகொண்டது. அதுவே அவருக்கு ஆச்சரியம். உள்ளே ஆள் இருந்தால் இந்நேரம் வெளியே ஓடி வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் காலை வைத்தார்.

தங்கை கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். கதவு திறக்கிற வழியை மறைக்காமல், ஓரமாக, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டியிருந்தால் பிடி எட்டியிருக்கும். ஒரு சத்தம் போட்டிருந்தால் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். பட்டப்பகல், எதிரே தையல்காரர் கடை திறந்துதான் இருந்தது. அவர் தூக்கி வெளியே போடும்போது மூச்சு இல்லை.

வார்டுக்குச் சேதி வந்தபோது பிடியம்மா பிடியை அடுத்தவள் கையில் கொடுக்கவில்லை. இடுப்பிலேயே தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் ஓடினாள். அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு தப்பை அவள் செய்ததில்லை. அன்று மத்தியானம் வார்டுப் பெண்களுக்குக் கதவைத் திறக்க வேறு பிடி தேடி அலைந்தார்களாம்.

காரியமெல்லாம் முடிந்தது. வந்தவர்கள் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். "புத்தி சுவாதீனம் இல்லாதவங்க, நெருப்பு எது, தண்ணி எதுன்னு என்ன தெரியும்?" என்றார்கள். வழக்கமாக எரிந்து விழுகிற பிடியம்மா வாயைத் திறக்கவில்லை.

மருமகள்தான் மூலையில் சுருண்டு படுத்துவிட்டாள். சோறு இறங்கவில்லை. வயிற்றில் குழந்தை இருக்கிறது, ஒரு வாய் சாப்பிடு என்று மகன் கெஞ்சிப் பார்த்தான். "நான்தானே கதவைச் சாத்தினேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "பூட்டலையேடி நீ! அவங்க தொறந்துட்டு வந்திருக்கலாமே, தினமும் தொறந்தவங்கதானே?" என்றான் மகன். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தான். பிடியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு, பிடியம்மா ஒரு கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாடி, எழுந்திரு. உன் தலையில ஒரு பாவமும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன். அவ ஒருநாளும் கதவைத் தொறந்ததில்ல. தொறக்கக்கூடாது, கத்தக்கூடாதுன்னு பழக்கினவளே நான்தான். கத்தினா கடைசியாத் தொறப்பேன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். திரும்ப அங்க அனுப்பிடுவீங்களேன்னு பயந்து உங்ககிட்ட மறைச்சேன். கொன்னது நான்தாம்மா. நீ எதுக்குப் பட்டினி கிடக்கறே?"

மருமகள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. எதையோ யோசிக்கிற மாதிரி கதவைப் பார்த்தாள்.

"அத்தை, அந்தச் செருப்புத் துண்டு... அது நீங்க வெச்சதா?"

பிடியம்மா கிண்ணத்தில் இருந்த சோற்றை மறுபடி பிசைந்தாள்.

"கதவு சாத்திக்கக் கூடாதுன்னு வெச்சீங்களா? அதை நான்தான் தள்ளிவிட்டேன். தள்ளாம இருந்திருந்தா, கதவு தொறந்தே இருந்திருந்தா, சின்னத்தை வெளியில வந்திருப்பாங்களா?"

வந்திருப்பாள். துணியை மடித்து வைத்துவிட்டு, இருமிக்கொண்டே வந்து படியில் உட்கார்ந்திருப்பாள். தையல்காரரைக் கூப்பிட்டுக்கூட இருப்பாள், வெளியே வந்துவிட்டால் அவள் நன்றாகவே பேசுவாள். பிடியம்மாவுக்கு அது தன் பெயரைப்போல நிச்சயமாகத் தெரியும்.

மருமகளின் கண் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை. வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வந்திருக்க மாட்டாம்மா" என்றாள் பிடியம்மா. "தொறந்து வெச்சிருந்தாலும் வந்திருக்க மாட்டா. செருப்பு நாயை வெரட்டத்தான் அங்க வெச்சிருந்தேன், வேற ஒண்ணும் இல்ல. ஊர்ல சொல்றது சரிதான். அவ பைத்தியம்மா. அவளுக்கு எங்க தெரியும் அதெல்லாம்?"

சொல்லிவிட்டுச் சோற்றை உருட்டி நீட்டினாள். மருமகள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். கிண்ணம் காலியாகும்வரை பிடியம்மா ஊட்டினாள்.